கொல்லத்துக்கு நேரே மூன்று விளக்குகள்

என் தங்கை ராணுவ விமானி. எந்தப் படை, எந்தத் தளம் என்று எழுதினால் என்னை உயிரோடு விடமாட்டாள், அதனால் எழுதவில்லை. கடலுக்கு மேலே பறந்து கப்பல்களையும் படகுகளையும் கண்காணிக்கிற விமானம் அவளுடையது. அது தெரிந்தால் போதும். எனக்கும் அவளுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். நான் பத்தாம் வகுப்போடு நின்று மலையாளக் கரையில் உள்ள மட்டாஞ்சேரியில் அப்பாவின் பலசரக்குக் கடையில் உட்கார்ந்தேன், அவள் படித்தாள். யாராவது "உங்க தங்கச்சி பிளேன் ஓட்டுதாமே, நெசமா?" என்று கேட்டால், "ஆமா, உங்க வீட்டு மொட்டைமாடியில காயுற துணிகூட அவளுக்குத் தெரியும், பாத்துப் போடுங்க" என்பேன். அவ்வளவு தலைக்கனம் எனக்கு உண்டு. மறைப்பானேன்.

கடை மட்டாஞ்சேரியில் இருந்தாலும் வியாபாரம் பாதிக்கு மேல் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தோடுதான். கன்னியாகுமரிக் கடற்கரைத் தமிழர்கள் அங்கிருந்து ஆழ்கடலுக்குப் போகிறார்கள். ஒரு தடவை போனால் முப்பது நாள், நாற்பது நாள் ஆகும். பன்னிரண்டு பேருக்கு அத்தனை நாளைக்கும் அரிசி, பருப்பு, மிளகாய், மரவள்ளிக் கப்பை, தேயிலை எல்லாம் எங்கள் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக ஏறும். நாங்கள் தலைமுறைகளாக இங்கே இருக்கிறவர்கள், எங்கள் தமிழில் பாதி மலையாளம். அவர்கள் தமிழ் இன்னொரு தினுசு. ஆனாலும் கடை வாசலில் சாயாக் கிளாஸோடு நின்று அவர்கள் அளக்கிற கடல் கதைகளைக் கேட்காவிட்டால் எனக்குப் பொழுது போகாது.

ஒரு சனிக்கிழமை தங்கை வீட்டுக்கு வந்தாள். தட்டில் போட்ட மீன் குழம்பு ஆறி ஏடு படிகிற வரை தொடவில்லை. அவளுக்கு அயிலைக் குழம்பு என்றால் உயிர். "என்னடி, யாரு என்ன சொன்னா?" என்றேன். மெல்ல மெல்லத்தான் வாயைத் திறந்தாள்.

பத்து நாளுக்கு முன், அந்தி நேரத்தில், கரையிலிருந்து வெகுதூரத்தில் பறந்துகொண்டிருந்திருக்கிறாள். மேற்கே, தன் விமானத்தைவிடத் தாழ்வாக, ஒரே வரிசையில் மூன்று விளக்குகள் நின்றன. நடுவில் இருந்தது மட்டும் மெதுவாகக் கடலை நோக்கி இறங்கியது. தண்ணீருக்குச் சற்று மேலே நின்றது. பிறகு மறுபடி ஏறியது. ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை, வலப்பக்கம் இருந்த விளக்கோடு போய் ஒட்டிக்கொண்டது. ஏழு நிமிடம் இருந்துவிட்டு மூன்றும் ஒரேயடியாக அணைந்தன. ரேடாரில் எதுவும் பதியவில்லை. கூட இருந்த விமானி ரேடாரைச் சரிபார்க்கப் பின்பக்கம் போயிருந்தவர், திரும்பி வந்தபோது கடைசி வெளிச்சத்தைத்தான் பார்த்திருக்கிறார். "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை.

இன்னொன்றும் நடந்தது. படகுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற வயர்லெஸ் விமானத்திலும் கேட்கும். அந்த ஏழு நிமிடத்துக்குள் அதில் ஒரு தமிழ்க் குரல் வந்தது. "லே, மேல பாருங்கலே. கெழக்க. மூணு பெட்ரோமாக்ஸ் நிக்குது." இன்னொரு குரல், "நீ எங்கலே நிக்க?" என்று கேட்டது. "கொல்லத்துக்கு நேரே, நாப்பது பாகம்" என்றது முதல் குரல். பாகம் என்பது ஆழத்துக்கு அவர்கள் சொல்கிற அளவு. நாற்பது பாகம் என்றால் கரைக்கு ஓரளவு பக்கம்தான்.

இறங்கியதும் என் தங்கை அறிக்கை எழுதினாள். கண்டதையும் எழுதினாள், கேட்டதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். 'அது என்னவாக இருக்கலாம் என்று கருதுகிறீர்கள்' என்று படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருக்குமாம். அதில் 'தெரியவில்லை' என்று எழுதினாள்.

வினையே அங்கேதான் ஆரம்பித்தது. விசாரித்த மேலதிகாரி வடக்கத்திக்காரர், நரைத்த மீசைக்காரர், நல்ல மனுஷர் என்றே அவள் சொன்னாள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேற்கே, அந்தியில், பிரகாசமாக ஒன்று தெரிந்தால் அது வெள்ளிக் கோள். எத்தனையோ விமானிகள் வெள்ளியைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். இறங்கியது ஏறியது எல்லாம் கண்ணாடியில் விழுந்த பிம்பமும் களைப்பும். படகுக்காரன் சாட்சி என்றால், அவன் கொல்லத்துக்குப் பக்கத்தில் நின்று கிழக்கே பார்த்திருக்கிறான். கொல்லத்துக்குக் கிழக்கே கரை. கரையில் வெளிச்சத்துக்கா பஞ்சம்? ஏதோ ஒரு திருவிழா விளக்கைப் பார்த்திருப்பான். அவன் கண்டது வேறு, நீ கண்டது வேறு. இப்படி, அவள் பத்திரமாக எழுதிவைத்த சாட்சியே அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

கடைசிக் கட்டத்தில் 'வெள்ளியாக இருக்கலாம்' என்று சேர்த்துவிட்டால் விஷயம் முடிந்தது. சேர்க்காவிட்டால், வெள்ளியை அடையாளம் தெரியாத விமானியை எப்படி மேலே அனுப்புவது? கண் டாக்டர் பார்த்தார், மனநல டாக்டர் பார்த்தார், இரண்டு பேரும் குறையில்லை என்றார்கள். ஆனாலும் மாதக் கடைசிவரை கெடு வைத்தார்கள். அதற்குள் எழுதாவிட்டால் அவளுக்கு இனி தரையில் மேசை வேலைதான். பறப்பது அத்தோடு முடிந்தது.

"எழுதித் தொலையேன்டி" என்றேன் நான். "ரெண்டு வார்த்தை. வெள்ளிக்கு வலிக்கவா போகுது?"

"நாளைக்கு நான் ஒரு மீன்பிடிப் போட்டு கவுந்து கெடக்குன்னு எழுதுவேன் அக்கா. அப்பவும் இவ மாத்தி எழுதுறவதானேன்னு நினைப்பாங்க. கண்டதை எழுதத்தான் என்னை மேல அனுப்புறாங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது, பெருமையாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்னால் அழத்தான் முடியும். அடுக்களைக்குள் போய் அழுதேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு போட்டு கரைக்கு வந்தது. அதன் ஸ்ராங்கு, அதாவது படகை நடத்துகிறவர், எங்கள் கடைக்குப் பழைய ஆள். கறுத்து ஒல்லியாக, காதில் ஒரு பென்சிலோடு இருப்பார். அடுத்த பயணத்துக்கான சாமான் பட்டியலைக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற மற்றப் படகுக்காரர்களிடம் கதை விட்டுக்கொண்டிருந்தார். "நெசமாட்டு சொல்லுதேன், மூணு பெட்ரோமாக்ஸ். வானத்துல."

அரிசி அளக்கிற படியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"எங்கே வச்சுப் பாத்தீங்க?" என்றேன்.

"கொல்லத்துக்கு நேரே அக்கா."

வாசலில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "இவன் கொல்லம்னு சொன்னா, கொல்லத்த விட்டுட்டு மிச்சக் கடலையெல்லாம் தேடணும்" என்றார் ஒருவர்.

எனக்குச் சுரீர் என்றது. துறைமுகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. மீன் கிடைத்த இடத்தை அவர்கள் பாயிண்ட் என்பார்கள். படகை ஓட்டுகிற அறையில் உள்ள மெஷின் படகு போன பாதையை நேரத்தோடு பதிந்து வைக்கும். அந்தப் பாதையை எந்த ஸ்ராங்கும் மச்சானுக்குக்கூடக் காட்டமாட்டார். வயர்லெஸ்ஸில் "எங்க நிக்க?" என்று கேட்டால் பொய்தான் வரும். கேட்கிறவனுக்கும் அது பொய் என்று தெரியும், மரியாதைக்குக் கேட்பான். வயர்லெஸ்ஸில் உண்மையான இடத்தைச் சொல்கிறவன் ஸ்ராங்கே இல்லை. முப்பது வருஷமாக இவர்களோடு பழகுகிற எனக்கு, தங்கை "கொல்லம்" என்று சொன்னபோதே பொறி தட்டியிருக்க வேண்டும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

ஸ்ராங்கை மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கொல்லம் இல்லை, மேற்கே வெகுதூரம் போயிருந்ததை ஒப்புக்கொண்டார். அப்படியானால் கணக்கே தலைகீழாகிறது. என் தங்கை மேற்கே பார்த்தாள். அவளுக்கும் மேற்கே நின்று இவர் கிழக்கே பார்த்திருக்கிறார். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இருவரும் தெருவிளக்கைப் பார்த்தது போல, விளக்குகள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்திருக்கின்றன. அந்தியில் கிழக்கே வெள்ளி ஏது?

"வந்து இதைச் சொல்லணும். மெஷினைக் காட்டணும்" என்றேன்.

"அது மட்டும் நடக்காது அக்கா. எட்டு வருசம் அலைஞ்சி கண்டுபிடிச்ச எடம். காட்டினா அடுத்த நடையில நாப்பது போட்டு அங்க வந்து நிக்கும். என்னைய நம்பி பன்னெண்டு குடும்பம் கெடக்கு."

நான் கெஞ்சியிருக்கலாம். எனக்கு அது வராது. "அப்படின்னா உங்க போட்டுக்கு இனி இந்தக் கடையிலேர்ந்து ஒரு பிடி அரிசி ஏறாது" என்று கத்தினேன். அவர் சாயாக் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் அவருடைய பட்டியல் எதிர்க் கடைக்குப் போய்விட்டது.

தங்கையிடம் வீரப் பிரதாபமாகச் சொன்னேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். "என்னை அவங்க ரெண்டு வார்த்தை எழுதுன்னு அமுக்குறாங்க. நீ அந்த மனுஷனைப் போட்டு அமுக்குற. உனக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள்.

மறுநாள் காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள். போட்டில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான், ஆனால் கேட்டேன். ஸ்ராங்கு தலையை மட்டும் ஆட்டினார்.

"எங்க நின்னீங்கன்னு நான் கேக்கமாட்டேன் சேட்டா" என்றாள் தங்கை. "என்ன பாத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அதுகூட வேணாம், வரைஞ்சு காட்டுங்க. நானும் வரையுறேன். நீங்க என்னோடதைப் பாக்காதீங்க, நான் உங்களோடதைப் பாக்கமாட்டேன்."

அவர் சாக்குக்கட்டியால் ஐஸ்பெட்டி மூடியில் வரைந்தார். இவள் ஒரு பழைய பில்லின் பின்பக்கம் வரைந்தாள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மூன்று புள்ளிகள் வரிசையாக இருந்தன. நடுப்புள்ளியிலிருந்து கீழே ஒரு கோடு, தண்ணீருக்கு மேலே ஒரு நிறுத்தம், மறுபடி மேலே ஒரு கோடு. இதுவரை இரண்டும் அச்சு அசல் ஒன்றேதான். ஆனால் தங்கையின் படத்தில் ஏறிய விளக்கு வலப்பக்கம் ஒட்டியிருந்தது, அவர் படத்தில் இடப்பக்கம். "போச்சு, ஒத்துவரலையே" என்றேன்.

தங்கை சிரித்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் பல்லைப் பார்த்தேன். ஸ்ராங்குக்கும் அதே நொடியில் பிடிபட்டுவிட்டது. "நான் கெழக்க பாத்தேன், கொச்சு மேற்க பாத்தது. எனக்கு எடதுன்னா அதுக்கு வலதுல்லா" என்றார். குழந்தை என்று பொருள்படும் அந்த மலையாளச் சொல்லால் அவளை அழைத்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

ஸ்ராங்கு பக்கத்திலிருந்த வலைக்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒருத்தனும் நம்பல, கேட்டியளா. எம் பொஞ்சாதிகிட்ட போன்ல சொன்னேன். கடல்ல வச்சும் குடிக்கத் தொடங்கியாச்சான்னு கேட்டா. பதினோரு வருசமா நான் குடிச்சதில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஆப்பீசர வரச் சொல்லுங்க. நான் மெஷினத் தொறக்கேன்."

"வேண்டாம். உங்க ஆளுங்க பிழைப்பு அது" என்றாள் தங்கை.

"அப்ப ஆளுவகிட்டயே கேப்போம்."

மீனில் எல்லோருக்கும் பங்கு உண்டு, அதனால் பேச்சிலும் பங்கு உண்டு. பன்னிரண்டு பேரும் கூடினார்கள். இரண்டு பேர் முடியாது என்றார்கள். படகில் சமைக்கிறவர், கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "நாமளுந்தான கண்டோம். நம்மளயும் குடிகாரப் பயலுவன்னுதான சொல்லுதானுவ. அந்தப் பிள்ள ஒத்தையில நிக்கி" என்றார். அதற்குமேல் யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். திரையை ஆப்பீசர் மட்டும் பார்க்க வேண்டும். பேச்சை மொழிபெயர்க்க நான் உள்ளே இருந்தாக வேண்டும் என்பதால், நான் கடைத் தராசைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். என் வாயைப் பற்றித் துறைமுகத்துக்கு இருக்கிற அபிப்பிராயம் அது. தராசைக் கொண்டுவரச் சொல்லித் தொட்டுச் சத்தியம் செய்தேன். இன்றைக்குவரை காப்பாற்றியும் வருகிறேன்.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தங்கை கேட்டுக்கொண்டதால், பட்டப்பகலில் அந்த மேலதிகாரி துறைமுகத்துக்கு வந்தார். கூடவே படிவக் கட்டோடு ஒரு இளம் அதிகாரி, அவரை அறைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மேலதிகாரியின் பளபளவென்ற பூட்ஸ் மீன்செதிலில் வழுக்க, ஸ்ராங்கு கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அறையின் கண்ணாடிகளுக்கெல்லாம் சாக்கு கட்டியிருந்தார்கள். பக்கத்துப் படகுகளில் நின்ற அத்தனை பேருடைய கழுத்தும் எங்கள் பக்கம்தான் நீண்டிருந்தது. தங்கை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், உள்ளே பார்க்கவே இல்லை. என் இந்தி, மட்டாஞ்சேரியின் குஜராத்தி மொத்த வியாபாரிகளிடம் பேரம் பேசிக் கற்றது. அதை வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன்.

அதிகாரி தேதியைச் சொன்னார், நேரத்தைச் சொன்னார். ஸ்ராங்கு மெஷினில் அந்த நிமிடத்தைத் தேடி நிறுத்தினார். அதிகாரி தன் வரைபடத்தை விரித்து அந்த இடத்தில் புள்ளி வைத்தார். விமானம் இருந்த இடத்திலிருந்து மேற்கே ஒரு கோடு, படகிலிருந்து கிழக்கே ஒரு கோடு என்று இழுத்தார். இரண்டு கோடும் கடலுக்கு நடுவே முட்டிக்கொண்டன. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு பில்லையும் ஐஸ்பெட்டி மூடியையும் எதிரெதிரே நிறுத்தி வெகுநேரம் பார்த்தார்.

"வயர்லெஸ்ஸில் ஏன் கொல்லம் என்றார்?" என்று என்னிடம் கேட்டார்.

"சாரே, உள்ளதச் சொன்னா மீன் போயிரும்" என்றார் ஸ்ராங்கு.

நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ரப்பரை எடுத்து, படகு இருந்த புள்ளியையும் அதிலிருந்து இழுத்த கோட்டையும் ஸ்ராங்கின் கண்முன்னாலேயே சுத்தமாக அழித்தார். அறிக்கையில், 'படகின் இடத்தை நானே நேரில் சரிபார்த்தேன்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எந்த இடம் என்று எழுதவில்லை.

பிறகு வெளியே வந்து என் தங்கைக்கு முன்னால் நின்றார். அவள் அறிக்கை எழுதியபடியே இருக்கும், கடைசிக் கட்டத்திலும் மாற்றமில்லை, திங்கட்கிழமை காலையில் அவள் பறக்கிறாள் என்றார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே பன்னிரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. யாரோ அறைக்குள் போய்ப் படகின் ஹாரனை அழுத்தினார்கள். பக்கத்துப் போட்டுக்காரர்கள் விவரம் தெரியாமலே தங்கள் ஹாரன்களையும் அடித்தார்கள். நான் துறைமுகம் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை.

சத்தம் அடங்கியதும் அதிகாரி அந்த இளைஞரிடம் கையை நீட்டினார். "இன்னொரு படிவம் கொடு."

"யாருக்கு சார்?"

"எனக்கு." கவிழ்த்துப் போட்டிருந்த மீன்பெட்டியில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முன், வேறொரு கடலில், அவரும் ஒன்றைப் பார்த்தாராம். மேலே இருந்தவர்கள் சொன்னபடி வெள்ளி என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். அது வெள்ளி இல்லை என்று அன்றைக்கே அவருக்குத் தெரியுமாம்.

ஸ்ராங்கு என்ன விஷயம் என்று கேட்டார், சொன்னேன். "ஓகோ, அப்ப சாரும் கொல்லம்னுதான் சொல்லியிருக்காரு" என்றார்.

அவர் என்ன சொன்னார் என்று அதிகாரி கேட்டார். நான் ஒரு சொல்லைக்கூடக் குறைக்காமல் சொன்னேன். அவர் ஸ்ராங்கை நிமிர்ந்து பார்த்து, "ஆமாம்" என்று தலையசைத்துவிட்டு எழுதத் தொடங்கினார். நிதானமாக எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான், ஆனால் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அதைப் படித்தேன். என் தங்கை எழுதிய அதே வார்த்தையை எழுதியிருந்தார்: தெரியவில்லை.